மூன்றாவது சக்கரத்தின் விலை

நடக்கப் பழகிய குழந்தைக்கு நாம் முதலில் வாங்கித் தருவது மூன்று சக்கர சைக்கிள். விழாது என்கிற தைரியம்தான் காரணம். இரண்டு சக்கரம் பிறகுதான் வரும், முழங்கால் சிராய்ப்போடு. அப்படியென்றால் இருபது வருடம் இரண்டு சக்கரத்தில் ஊறிய ஒருவரை மூன்று சக்கரத்தில் ஏற்றிவிட்டால், அவர் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் அல்லவா? நடப்பது அதுவல்ல. பத்தடி போவதற்குள் ஹேண்டில்பார் முரண்டு பிடிக்கிறது. வண்டி ஓரத்துக்கு இழுக்கிறது. நேராக்க நினைத்து ஏதோ செய்கிறார், இன்னும் வேகமாக ஓரத்துக்குப் போகிறது. சைக்கிள் ரிக்‌ஷாவை விளையாட்டுக்காக வாங்கி மிதித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அவமானம் தெரிந்திருக்கும்.

குழந்தைக்கு எளிதானது கைதேர்ந்தவருக்கு ஏன் கடினமாகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஏறி, அதுவும் ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரோடும் ஒல்லி டயர்களோடும், சாதனை நேரத்தைத் துரத்துகிற கிளப்புகள் பிரிட்டனில் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கின்றன. அந்த மூன்றாவது சக்கரம் அவர்களிடமிருந்து எவ்வளவு நேரத்தைப் பறிக்கிறது?

விழுகிற பக்கம் திருப்பு

இரண்டு சக்கர சைக்கிள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள். இடது பக்கம் சாய்கிறதா, ஓட்டுபவர் தன்னையறியாமல் ஹேண்டில்பாரை இடது பக்கமே திருப்புகிறார். சக்கரங்கள் உடம்புக்குக் கீழே வந்து சேர்கின்றன, விழுவது நிற்கிறது. அடுத்த நொடி வலது பக்கம் சாயும், வலது பக்கம் திருப்புவார். சைக்கிள் பழகுவது என்றால் இந்த ஒரு அனிச்சைச் செயலை உடம்பில் ஏற்றிக்கொள்வதுதான். ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. அதுதான் வம்பு.

தார்ச்சாலை எதுவும் தட்டையாக இருப்பதில்லை. மழைத்தண்ணீர் ஓடிவிடுவதற்காக நடுவில் உயர்த்தி, இரண்டு ஓரங்களுக்கும் லேசாகச் சரித்துப் போடுவார்கள். சைக்கிளுக்கு இந்தச் சரிவு ஒரு பொருட்டில்லை. சாலை எப்படிச் சாய்ந்தாலும் சைக்கிள் தன் பாட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். மூன்று சக்கர வண்டி அப்படி இல்லை, சாலை சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டும் நாடு பிரிட்டன். அங்கே வண்டி எப்போதும் இடது பக்கம் சரிந்தே நிற்கிறது. புதிதாக ஏறியவரின் உடம்பு ‘இடது பக்கம் விழுகிறோம்’ என்று அலறுகிறது, பழகிய கை ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்புகிறது. இரண்டு சக்கரத்தில் காப்பாற்றியிருக்கும் அதே அசைவு, இங்கே வேலியோரப் பள்ளத்துக்கு வழிகாட்டுகிறது. குழந்தையிடம் இந்த அனிச்சை இல்லை. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்புகிறது, அவ்வளவுதான்.

ட்ரைக் என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த வண்டியைப் பழகுவதில் பாதி, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது. மீதிப் பாதி, பழையதைக் கொஞ்ச நேரம் மறந்திருப்பது. நேரான சாலையிலும்கூட ஓட்டுபவர் உடம்பைச் சற்றே வலது பக்கம் வைத்து, ஹேண்டில்பாரையும் வலது பக்கமாகவே பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. இதையே பன்னிரண்டு மணி நேரப் போட்டியிலும் செய்தால் தோள் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

கறுப்பு உடைப் பந்தயம்

இந்த வண்டிகள் ஓடும் போட்டிக்கு டைம் ட்ரையல் என்று பெயர். தனிநேரப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவார்கள். யாரும் யார் பின்னாலும் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பக் கூடாது. 10, 25, 50, 100 மைல் என்று தூரத்தை வைத்து நேரத்தை அளப்பது ஒரு வகை. 12 மணி, 24 மணி என்று நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது இன்னொரு வகை.

இந்த வினோத முறைக்கு ஒரு குதிரை காரணம். 1894 ஜூலையில் லண்டனுக்கு வடக்கே நார்த் ரோடு சைக்கிள் கிளப் நடத்திய 50 மைல் பந்தயத்தில், வீரர்கள் கூட்டமாக வந்ததைக் கண்டு ஒரு பெண்மணியின் வண்டிக்குதிரை மிரண்டது. போலீசுக்குப் புகார் போயிற்று. சாலைப் பந்தயம் என்றாலே அதிகாரிகள் முகம் சுளித்த காலம் அது. அந்தப் பந்தயத்தில் இருந்த எஃப். டி. பிட்லேக் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக அனுப்பினால் அது பந்தயம் போலவே தெரியாதே! 1895 அக்டோபரில் அப்படி முதல் ஓட்டம் நடந்தது. பிறகு விடியற்காலையில் ஓட்டுவது, தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிவது, ஊர்ப் பெயரே சொல்லாமல் சாலைகளுக்கு ரகசியக் குறியீடு வைப்பது என்றெல்லாம் சேர்ந்துகொண்டன. குறியீடுகள் இன்றும் இருக்கின்றன. ஹல் நகரத்தின் பக்கத்தில் ‘வி718’ என்றால் வேகமான சாலை என்று அங்கே சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டிஷ் தனிநேரப் பந்தயத்தின் தந்தை என்று போற்றப்படும் இந்த பிட்லேக்கே ட்ரைக்காரர் என்பதுதான் சுவை. 1893-ல் லண்டன் ஹெர்ன் ஹில் ஓடுகளத்தில் 24 மணி நேரத்தில் 410 மைல் மூன்று சக்கரத்தில் ஓட்டியவர். அந்தக் காலத்தில் ட்ரைக் ஒன்றும் கோமாளி வண்டி இல்லை. விக்டோரியா மகாராணியே இரண்டு வாங்கினார். இன்றைய மோட்டார் கார் இந்த வண்டிக்குப் பட்டிருக்கும் கடனும் கொஞ்சநஞ்சமல்ல. திருப்பத்தில் வெளிச் சக்கரம் வேகமாகவும் உள் சக்கரம் மெதுவாகவும் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் பல்லிணை இருக்கிறதே, அதை 1877-ல் கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்காகச் செய்தார். 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதைச் செய்யத் தொடங்கியது தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக.

மூன்று சந்தேக நபர்கள்

சரி, நேரத்தைத் தின்பது எது? தரையில் உரசும் கூடுதல் டயரா, கூடுதல் எடையா, காற்றா?

டயர் மீதுதான் முதலில் சந்தேகம் வரும். இரண்டு டயர் மூன்றானால் உரசல் ஒன்றரை மடங்காகுமே? ஆகாது. டயர் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி நிமிர்கிறது, நசுங்கும்போது வாங்கிய சக்தியை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. அந்த இழப்புக்கு உருளல் தடை என்று பெயர். எவ்வளவு நசுங்கும் என்பது மேலே எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்தது. அதே பாரத்தை மூன்று டயர்கள் பங்குபோட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் குறைவாக நசுங்கும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே கணக்குதான். டயர் விடுதலை.

மற்ற இரண்டையும் ஓர் உதாரணத்தை வைத்து விசாரிக்கலாம். கற்பனை வீரர் ஒருவர். மிதியில் இடைவிடாமல் 300 வாட் வலு தரக்கூடியவர். வாட் என்பது மின்விசிறியில், பல்பில் நாம் பார்க்கும் அதே வாட்தான். ஒரு மணி நேரம் 300 வாட் என்பது நன்றாகப் பயிற்சி பெற்ற கால்களுக்கே முடியும். அவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. காற்றில்லாத, மேடுபள்ளமில்லாத சாலையில் குனிந்து ஓட்டுகிறார். சுமாராகக் கணக்குப் போட்டால் மணிக்கு 43 கிலோமீட்டரைத் தொடுவார், 25 மைலை, அதாவது 40 கிலோமீட்டர் சொச்சத்தை, 56 நிமிடம் 26 வினாடியில் முடிப்பார். அவருடைய 300 வாட்டில் காற்றைத் தள்ளுவதற்கே சுமார் 250 போய்விடுகிறது. டயருக்கு 40. மிச்சம் செயினில், பல்சக்கரத்தில் கரைகிறது.

இப்போது 5 கிலோவை மட்டும் கூட்டுவோம். ட்ரைக்கின் கூடுதல் அச்சு, சக்கரம் எல்லாம் அந்த அளவுக்கு வரும். நேரம் எவ்வளவு கூடுகிறது? பத்துப் பன்னிரண்டு வினாடி. ஒரு மணி நேரப் போட்டியில் 5 கிலோ மூட்டையின் விலை இவ்வளவுதானா என்று நம்ப முடியாமல் இருக்கும். மேடு ஏறும்போதும், நின்று கிளம்பும்போதும்தான் எடை வலிக்கும். சமதளத்தில் ஒரே சீராக ஓடும்போது அது டயரை இன்னும் கொஞ்சம் நசுக்குவதோடு சரி.

ஆக, குற்றவாளி காற்று. சைக்கிளின் பின்சக்கரம் ஓட்டுபவரின் கால்களுக்குப் பின்னால், ஏற்கெனவே கலைந்த காற்றில் ஒளிந்து ஓடுகிறது. ட்ரைக்கின் பின்சக்கரங்கள் இரண்டும் பக்கவாட்டில் தள்ளி, கலையாத காற்றுக்கு நேராக முகம் கொடுக்கின்றன. அதோடு, உருளும் சக்கரத்தின் உச்சி வண்டியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் போகிறது. வண்டி 43-ல் போனால் அதன் மேல்விளிம்பும் கம்பிகளும் 86-ல் காற்றை அறைகின்றன. இதற்கெல்லாமாகக் காற்றுத் தடை 16 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வண்டி இது மாறும்.

அதே ஆள், அதே 300 வாட். இப்போது 59 நிமிடம் 20 வினாடி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம் போயிற்று. அதில் எடையின் பங்கு போக மீதி முழுவதும் காற்றுக்கு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ட்ரைக்கில் இருந்துகொண்டே பழைய 56 நிமிடம் 26 வினாடியைப் பிடிக்க வேண்டுமானால் அவருக்கு எவ்வளவு வலு வேண்டும்? 344 வாட். வேகத்தில் ஐந்து சதவீதத்தை மீட்க வலுவில் பதினைந்து சதவீதம் கேட்கிறது. காற்றின் வட்டி விகிதம் இப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான வலு எட்டு மடங்காகும். மெதுவாகப் போகிறவனிடம் காற்று ஒன்றும் கேட்பதில்லை.

ஒரே ஆள், இரண்டு வண்டி

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க 1886-ல் ஒருவர் நமக்காகத் தன்னையே வருத்திக்கொண்டார். லிவர்பூல் பக்கத்து ஆன்ஃபீல்டு பைசிக்கிள் கிளப்பின் ஜி. பி. மில்ஸ். பிரிட்டனின் தென்மேற்கு மூலையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகோடி ஜான் ஓ’க்ரோட்ஸ் வரை, முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்குமே, அந்தப் பழைய சைக்கிளில் 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு அதே பாதையை ட்ரைக்கில் 5 நாள் 10 மணி நேரத்தில் கடந்தார். வித்தியாசம் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. தூக்கம், சாப்பாடு, சேறு எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. அந்த வேகத்தில் காற்று பெரிதாக வசூலிக்காது.

1893-ல் மில்ஸ் மறுபடியும் ட்ரைக்கில் ஏறினார். இந்த முறை 3 நாள் 16 மணி 47 நிமிடம். ஏழு வருடத்தில் 41 மணி நேரம் குறைந்திருக்கிறது. ஆள் அவரேதான். இடையில் வந்தது டன்லப்பின் டயர். கெட்டி ரப்பரில் ஒவ்வொரு கல்லும் வண்டியையே தூக்கிப் போட்டது. காற்றடைத்த டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டது. சட்டமும் பல்சக்கரங்களும் மேம்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு அந்த 41 மணி நேரத்தில் பெரும்பங்கை டயருக்குத்தான் எழுதத் தோன்றுகிறது.

வேகம் கூடிய பிறகு இடைவெளியும் விரிந்தது. அதே பாதையில் 1990-ல் ஆண்டி வில்கின்சன் சைக்கிளில் எடுத்துக்கொண்டது 45 மணி 2 நிமிடம். 1992-ல் ரால்ஃப் டாட்ஸ்வெல் ட்ரைக்கில் 53 மணி 29 நிமிடம். ஏறக்குறைய 19 சதவீதம். இரண்டு வேறு ஆட்கள், வேறு வானிலை, நடுவே ஸ்காட்லாந்தின் மேடுகள். எல்லாப் பழியையும் சக்கரத்தின் மேல் போடுவது நியாயமில்லை. போக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ரவுண்டானாவில் ஒரு நடனம்

பெரும்பாலான பாதைகள் போய்த் திரும்புபவை. திரும்புமிடம் ஒரு ரவுண்டானா. சைக்கிள் உள்பக்கம் சாய்ந்து வளைந்துவிடும். ட்ரைக் சாயாது. வேகம் மிஞ்சினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். எனவே வண்டிக்குப் பதில் ஆள் சாய வேண்டும். இடுப்பைச் சீட்டிலிருந்து நகர்த்தி, தொடையால் சீட்டின் மூக்கை அணைத்துக்கொண்டு, தலை உள்சக்கரத்துக்கு மேலே வரும்வரை தொங்க வேண்டும். பிரிட்டனில் ரவுண்டானாவுக்குள் நுழைவது இடது பக்கம், சுற்றுவது வலது பக்கம், வெளியேறுவது மறுபடி இடது பக்கம். ஆகவே சில நொடிகளுக்குள் இடம், வலம், இடம் என்று மூன்று முறை உடம்பை வீச வேண்டும், ஓட்டத்தை விடாமல். இருபது மீட்டர் ஆரமுள்ள வளைவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் சக்கரம் மணிக்கு 23 கிலோமீட்டர் சுமாருக்கே தூக்கும். நன்றாகத் தொங்கத் தெரிந்தவர் 30 வரை போகலாம். காய்ந்த சாலையில் சைக்கிள் 40-ல் போய்விடும். பிரேக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் இரண்டு பிரேக் கேட்கிறது. பல ட்ரைக்குகளில் இரண்டையும் முன்சக்கரத்திலேயே மாட்டியிருப்பார்கள்.

மூன்று பேர் கூட்டல்

இனி கிளப் அணிக்கு வருவோம். அணி என்றதும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதை நினைக்க வேண்டாம். ஒதுங்கி ஓட்டத்தான் விதியே இருக்கிறது. அணி என்பது இங்கே ஒரு கூட்டல் கணக்கு. ஒரே போட்டியில் ஒரே கிளப்பின் மூன்று பேர் எடுத்த நேரங்களின் கூட்டுத்தொகைதான் அணியின் நேரம்.

நம் 300 வாட் வீரரோடு 280 வாட் ஒருவரையும் 260 வாட் ஒருவரையும் சேர்ப்போம். வண்டியும் எடையும் ஒன்றுதான். முதலாமவர் 59 நிமிடம் 20 வினாடி, இரண்டாமவர் 60 நிமிடம் 52, மூன்றாமவர் 62 நிமிடம் 33. மொத்தம் 3 மணி 2 நிமிடம் 45 வினாடி. உடைக்க வேண்டிய எல்லை 3 மணி நேரம் என்று கொள்வோம். 165 வினாடி எங்கிருந்து கிடைக்கும்?

கிளப்பில் நல்ல பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், அவரால் ஏதாவது ஒருவரின் வலுவை 10 வாட் உயர்த்த முடியும். யாரிடம் அனுப்புவது? நட்சத்திர வீரரிடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு 10 வாட் கூடினால் 42 வினாடி குறையும். மூன்றாமவருக்குக் கூடினால் 52 வினாடி குறையும். அவர் மெதுவாகப் போவதால் காற்று அவரிடம் குறைந்த வட்டி வாங்குகிறது, அதோடு அவர் சாலையில் இருக்கும் நேரமும் அதிகம். அணிச் சாதனையை நட்சத்திரம் தொடங்கிவைக்கலாம். உடைப்பது மூன்றாவது ஆளின் கால்கள்.

பயிற்சியாளரைவிடப் பெரிய வள்ளல் ஒருவர் இருக்கிறார்: வெப்பமானி. மேலே போட்ட கணக்கெல்லாம் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓடும் காலைக்கு. காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். 25 டிகிரியில் அதே காற்று 5 சதவீதம் லேசு. மூன்று பேரும் ஒரு வாட்கூடக் கூடுதலாக மிதிக்காமல் ஆளுக்கு ஒரு நிமிடம் போல மிச்சம் பிடிப்பார்கள். மொத்தம் 2 மணி 59 நிமிடம் 48 வினாடி. எல்லை உடைந்தது, 12 வினாடி உபரியோடு. வானிலை அறிக்கையில் காற்றழுத்தம் தாழ்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். சாதனை துரத்துகிறவர்கள் கோடையில் காற்றழுத்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். கறுப்பு உடைக் காலத்து விடியற்காலைப் பழக்கம், போலீசிடமிருந்து தப்ப உதவியிருக்கலாம். அடர்ந்த காற்றிடமிருந்து தப்ப உதவவில்லை.

ஒன்பது டயர்

விடுதலை செய்து அனுப்பிய டயரைத் திரும்பக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது, வேறொரு குற்றத்துக்காக. சைக்கிளின் பின்சக்கரம் ஏறக்குறைய முன்சக்கரம் போன தடத்திலேயே போகும். ஒரு குழியை முன்சக்கரம் தவிர்த்துவிட்டால் பின்சக்கரமும் பெரும்பாலும் தவிர்த்துவிடும். ட்ரைக் சாலையில் மூன்று தனித்தனிக் கோடுகள் போடுகிறது. நடுவிலிருக்கும் குழியைத் தவிர்க்க ஒதுங்கினால் பக்கத்துச் சக்கரம் அதில் இறங்கும். இடது பின்சக்கரமோ கண்ணாடித் துண்டும் ஆணியும் ஒதுங்கிக் கிடக்கும் ஓரத்திலேயே ஓடுகிறது.

மூன்று பேர், ஒன்பது டயர். சைக்கிள் அணியென்றால் ஆறு. ஒரு போட்டியில் ஒரு டயர் பஞ்சராகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்தாலும், சைக்கிள் அணி நூற்றில் ஆறு முறை கெட்டால் ட்ரைக் அணி ஒன்பது முறை கெடும். பல ட்ரைக்குகளில் பின்சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் கொண்டவை. சக்கரத்தைக் கழற்றாமலே வெளிப்பக்கமாக டயரை உருவி மாற்றிவிடலாம். வசதிதான், ஆனால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் மாற்றி முடிப்பதற்குள் அந்த 12 வினாடி உபரி எப்போதோ காலி.

விவரமான கிளப் அதனால் மூன்று பேரோடு நிற்காது. அந்தப் போட்டிக்கு நான்காவதாக ஒருவரையும் பெயர் கொடுக்க வைக்கும். வேகமான மூவரின் நேரம்தான் கூட்டலில் சேரும். நான்காமவர் கடைசியாக வந்தால் அவர் ஓட்டியது கணக்கிலேயே வராது. ஆனால் சாலையோரத்தில் யாராவது ஒருவர் டயரை உருவிக்கொண்டு நிற்கும் நாளில், அணிக்கு மூன்றாவது நேரத்தைத் தரப்போவது அவர்தான்.